நிலாவில் ஆளில்லாத வீடு

நிலாவில் கட்டடம் இருக்கிறது என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. இப்போது கைபேசியில் அந்த மாதிரிப் படங்கள் எத்தனையோ வருகின்றன. மங்கலான ஒரு புகைப்படம், அதில் ஒரு சிவப்பு வட்டம், பின்னால் அடிவயிற்றிலிருந்து பேசுகிற ஒரு குரல். பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், விரல் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிற என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "என்ன, மறுபடியும் நிலாவுக்குக் குடிபோயிட்டீகளா?" என்பாள். அவளுக்கு அந்தக் குரல் ஒன்றே போதும்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் காரைக்குடியில் படம் காட்டிப் பிழைத்தோம். கொட்டகை வைத்து அல்ல. பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்று, வெள்ளைத் திரை, ஸ்பீக்கர், மைக், அவ்வளவுதான் எங்கள் சொத்து. பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் மரவேலைக்காரர்கள். எனக்கு உளி பிடிக்கிற பொறுமை இல்லை. மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிறவன் மரத்தோடு மல்லுக்கட்ட முடியாது. மிஷின் என்றால் ஒரு தட்டுத் தட்டலாம். சமயத்தில் அதுவும் ஓடும்.

சினிமாப் படத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துக் காட்டலாம், காட்டினார்கள். எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. வெளிநாட்டு இங்கிலீஷ் செய்திப்படங்கள் எங்களிடம் இருந்தன. எரிமலை, திமிங்கிலம், காலரா, பனிப்பிரதேசம் இப்படி. அந்த இங்கிலீஷ் இங்கே யாருக்குப் புரியும்? ஒலியைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, என் மனைவி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு படம் ஓட ஓடத் தமிழில் சொல்வாள்.

அவள் ஒக்கூர்ப் பெண். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் அங்கே கற்றது. சொல்கிற விதம் யாரும் கற்றுக்கொடுக்காதது. எரிமலைக் குழம்பு மலைச்சரிவில் இறங்கும்போது, "பாகு பொங்கி அடுப்பெல்லாம் வழியுதுல்ல, அதே மாதிரிதான். ஆனா இதைத் தொடைக்கத் துணி கெடையாது" என்பாள். கூட்டம் சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் எரிமலையைப் பற்றி ஒரு விஷயத்தைக் காதில் போட்டிருப்பாள். நான் புரொஜெக்டருக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு, படத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி எத்தனையோ நாளாகியும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை.

அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. குறை என்று அப்போது நான் நினைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டே "தெரியாது" என்று சொல்லிவிடுவாள்.

திமிங்கிலப் படம் காட்டும்போது ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, அது தூங்குமா, தூங்காதா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலை. படத்துலயும் சொல்லலை" என்றாள் இவள். ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், "தூங்கும்னு சொல்லிட்டா என்ன, திமிங்கிலம் வந்து கேக்கப் போகுதா?" என்று சத்தம் போட்டேன்.

"தூங்கலைன்னா?" என்றாள். அவ்வளவுதான். அவளோடு சண்டை போடுவது சுவரோடு முட்டிக்கொள்வது மாதிரி; வலி நமக்குத்தான்.

ஆனால் ஒன்று நடந்தது. காலரா படத்தை ஒரு கிராமத்தில் காட்டிவிட்டு வந்திருந்தோம். பிறகு அங்கே போன சுகாதார ஊழியர் ஒருவர், வீட்டுக்கு வீடு தண்ணீர் காய்ச்சுகிறார்களே என்று ஆச்சரியப்பட்டு விசாரித்திருக்கிறார். நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தும் கேட்காத ஊர் அது. அங்கே ஒருவர் சொன்னாராம்: "அந்தப் படத்துக்காரப் புள்ள தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லும். அது காய்ச்சிக் குடின்னு சொன்னா, காய்ச்சித்தான் குடிக்கணும்." ஊழியர் இதை எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது அவள் உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, அவரைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நகைக்கடைக்காரன் பவுன் மாலையைக் காட்டினாலும் அந்த முகம் அப்படி மலர்ந்திருக்காது. தன் சொல்லை நாலு பேர் நம்புகிறார்கள் என்பதுதான் அவளுடைய நகை. அதில் ஒரு கீறல் விழ அவள் விடமாட்டாள்.

இந்த நிலையில்தான் நிலாப் படம் வந்து சேர்ந்தது.

மனிதன் நிலாவில் இறங்கிய படத்தை ஏற்கெனவே சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் காட்டி ஓய்ந்திருந்தோம். சென்னையிலிருந்து படம் அனுப்புகிற ஏஜெண்ட், "இது வேற மாதிரி, நிலாவுல மாளிகை இருக்குற படம், பாருங்க" என்று ஒரு தகரப் பெட்டியை அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் போட்டுப் பார்த்தோம், அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நிலாவில் யாரோ கோபுரங்களும் மாளிகைகளும் கட்டியிருக்கிறார்கள், பெரிய அரசாங்கங்கள் அதை மூடி மறைக்கின்றன என்பதுதான் படம்.

எப்பேர்ப்பட்ட படம்! இன்றைக்கும் அதை எடுத்தவனுக்கு ஒரு கும்பிடு போடுவேன். எடுத்தவுடனே ஒன்றும் சொல்ல மாட்டான். வெறும் நிலா. மெதுவாக ஒரு வீணையை உருக்கினாற்போல ஓர் இசை. பிறகு ஒரு புகைப்படம். சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமும். அதில் ஓர் அம்புக்குறி வந்து நிற்கும். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கும். உடனே கோட்டோவியம் ஒன்று வரும், உச்சி கூரான ஒரு கோபுரம். மறுபடியும் அதே புகைப்படம். இப்போது பார்த்தால் கோபுரம் நிற்கிறது! என் உடம்பு சிலிர்த்துவிட்டது. சுற்றுச்சுவர், நடுவில் சதுரமான முற்றம், வரிசையாகத் தூண்கள். முடிவில் அந்தக் குரல், கட்டியவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள், ஒரு நாள் திரும்பி வருவார்களா என்று கேட்டுவிட்டு அடங்கும். நான் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். மேலே ஒருத்தன் வீடு கட்டி வைத்திருக்கிறான், நாம் கீழே ஒன்றும் தெரியாமல் பல்பு மாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"கெட்டிக்காரரு" என்றாள் அவள். உண்மையாகவே ரசித்துத்தான் சொன்னாள். "ஒரு எடத்துலயும் பொய் சொல்லலை, கவனிச்சீகளா? கோபுரமா இருக்கக் கூடாதா, மாளிகையா இருக்கக் கூடாதான்னு கேள்வியாவே கேட்டுக்கிட்டுப் போறாரு. பதிலை நம்மளைச் சொல்ல வைக்கிறாரு."

"கண்ணால பாத்தேன்டி கோபுரத்தை!"

"போட்டோவுல இல்லைங்க. நடுவுல வரைஞ்சு காட்டுனாருல்ல, அதுல பாத்தீக. அதைப் பாத்த கண்ணு அங்குட்டுப் போயி அதையே தேடுது. சாய்ஞ்ச வெயில்ல கல்லோட நெழல் நீளமா விழுந்திருக்கு. எனக்கு அவ்வளவுதான் தெரியுது."

சொல்லிவிட்டு ஒரு குண்டைப் போட்டாள். இந்தப் படத்துக்குத் தான் பேச மாட்டாளாம்.

விஷயம் என்னவென்றால், ஏஜெண்ட் சொன்னதை நம்பி, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். பெரிய வீடு. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணம் காட்சி என்றால் மட்டும் திறக்கிற வீடுகளில் ஒன்று. குடும்பம் சென்னையில் இருந்தது. மலேயாவிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அந்த வீட்டுத் தலைவரான அப்பச்சி வாசல் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்பதோடு சரி. உள்ளே எல்லாம் அவர் மனைவி ஆச்சியின் சொல்தான். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை நிலாவில் மாளிகை இருக்கிற படத்தைக் காட்டுகிறேன் என்று ஆச்சியிடமே போய்ப் பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன். இவள் பேசாவிட்டால் படம் ஊமை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேநீர் வாங்கலாம். கோபுரம் கட்ட முடியாது.

"பொய்யின்னு தெரிஞ்சதை நான் மைக்கில சொன்னா, நாளைக்குத் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சொல்றப்ப யாரு கேப்பா?" என்று கேட்டாள்.

"கல்யாண வீட்டுல யாருடி காலராவை நெனைக்கப் போறா?"

இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். பேசாமல் இருப்பதில் அவள் கெட்டி; நான்தான் முதலில் தோற்பேன். தோற்றுப்போய், "நீ உன் இஷ்டப்படி சொல்லு" என்றேன். அவளும் இறங்கி வந்தாள். "படம் சொல்றதைப் படம் சொல்றதாச் சொல்றேன். நல்லாவே சொல்றேன், அந்த மனுசன் அவ்வளவு பாடுபட்டு எடுத்திருக்காரு. ஆனா எங்கிட்ட யாராச்சும் கேட்டா, எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்வேன். அப்ப நீங்க மொறைக்கக் கூடாது."

யார் கேட்கப் போகிறார்கள் என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

திரை கட்டவும் ஒயர் இழுக்கவும் முதல்நாள் பகலிலேயே அந்த வீட்டுக்குப் போய்விட்டோம். சாப்பாட்டு நேரம். முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பனையோலைத் தடுக்குகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆள், எதிரே இலை. வரிசையின் தலைப்பில் ஒரு தடுக்கு மட்டும் காலியாக இருந்தது. அதன் முன்னால் இலையும் இல்லை. நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் ஒருவரும் அதில் போய் உட்காரவில்லை. ஒரு குழந்தை அதன் மேல் ஏறப் போனதை யாரோ சட்டென்று தூக்கிக்கொண்டார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்தவரிடம் என் மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அது ஆச்சியோட மூத்த மகன் எடம்மா" என்றார் அவர். "பர்மாவுல இவுக சொத்தெல்லாம் போச்சுல்ல, அப்ப மிச்சத்தைப் பாத்துட்டு வாரேன்னு போனாரு. அதோட தகவல் இல்லை. இந்த வீட்டுல எப்ப அடுப்பு மூட்டுனாலும் அவருக்கு ஒரு தடுக்கு போட்டுரணும். இலை போட மாட்டாக. ஆளில்லாம இலை போட்டா அது வேற அர்த்தமாயிரும்ல?"

அவள் அந்தத் தடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாப்பிள்ளையாகப் போகிறவர் இளைய மகன். மூத்தவருக்குக் காத்துக் காத்துத்தான் இந்தக் கல்யாணமே தள்ளிப்போனது என்றும் அவர் சொன்னார். ஆச்சி அந்தப் பக்கம் ஒருமுறை வந்தார். எல்லா இலையையும் பார்த்து, அதை வை, இதை வை என்று சொல்லிவிட்டு, கடைசியில் குனிந்து, அந்தத் தடுக்கைக் கோணல் இல்லாமல் நேராக்கிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் படத்தை ஆரம்பித்தேன். வீட்டுக்குள்ளேயே வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த அந்த நடு முற்றத்தில், இரண்டு தூணுக்கு நடுவே திரை. சுற்றிலும் கூட்டம். ஆச்சி முன்னால் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

சொன்னபடியே செய்தாள். எப்படிச் சொன்னாள்! தான் நம்பாத படத்துக்கு இத்தனை உயிரைக் கொடுத்துப் பேச முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "படம் எடுத்தவரு சொல்றாரு, இங்குட்டுப் பாருங்க, இந்த மேட்டுக்கு அந்தாண்ட ஒண்ணு நெடுநெடுன்னு நிக்குதே, அது கோபுரமா இருக்கக் கூடாதான்னு கேக்குறாரு." கூட்டம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்புக்குறி மாளிகைக்கு வந்தது. சுற்றுச்சுவர், சதுர முற்றம், தூண் வரிசை. இந்த இடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"ஏ, இது நம்ம வீடு மாதிரியில்ல இருக்கு!" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமா, நடுவுல கெடக்கே, அது வளவு."

"அங்குட்டு நீளமாப் போகுதே, அது ரெண்டாங்கட்டு. அதுக்குப் பின்னால அடுப்படி."

"மொகப்பு எங்கிட்டு இருக்கு? தெக்க பாத்த வாசலா?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு நிலாவில் வாசல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது வீடு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கோட்டையூரில் பிறந்தவர்களுக்கு முற்றமும் தூணும் இருந்தால் அது வீடுதான். அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. திரையில் அந்தக் குரல் ரகசியம் சொல்வதுபோல் இழுத்தது. என் மனைவியும் அதே இழுப்போடு சொன்னாள்: "இவ்வளவு பெரிய மாளிகையில ஓர் ஆளைக்கூடக் காணோமே, கட்டுனவுக எங்க போனாக, ஏன் விட்டுட்டுப் போனாகன்னு கேக்குறாரு."

"கொண்டு விக்கப் போயிருப்பாக!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வளவே அதிரும்படி சிரிப்பு. இன்னொருவர், "இல்லப்பா, பங்காளி வழக்கு முடிஞ்சிருக்காது" என்றார். "எந்தக் கல்யாணத்துக்குத் தொறப்பாகளோ!" என்றார் மற்றொருவர். "வெள்ளையடிச்சு எத்தனை வருசமாச்சோ, பாரு, எப்படிக் கெடக்குன்னு" என்று ஓர் அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டார். உலகத்தையே நடுங்கவைக்க ஒருத்தன் கேட்ட கேள்விக்கெல்லாம் இந்த ஊரில் கைவசம் பதில் இருந்தது. தெருவுக்குத் தெரு ஆளில்லாத மாளிகை நிற்கிற ஊரில் போய், ஆளில்லாத மாளிகை என்று பயம் காட்டினால் எடுபடுமா? எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். என் மனைவி மைக்கைச் சேலையில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்வதற்குள் படம் முடிவுக்கு வந்துவிட்டது. நிலா சின்னதாகிக்கொண்டே போனது. கடைசிக் கேள்வி. அவள் அதைச் சொல்லத் தயங்கினாள், எனக்குத் தெரிந்தது. ஆனால் படத்தில் உள்ளதை விழுங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "விட்டுட்டுப் போனவுக ஒரு நாள் திரும்பி வருவாகளான்னு கேக்குறாரு" என்று முடித்தாள்.

ரீல் ஓடி முடிந்து, வால் படபடவென்று அடித்துக்கொண்டது. திரை வெறும் வெளிச்சமாக நின்றது. அந்த வெளிச்சத்தில் ஆச்சி தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா" என்றார். "வருவாகளா?"

நிலாக்காரர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது அங்கே இருந்த குழந்தைக்கும் தெரியும்.

"படத்துக்காரன் சொல்றது கெடக்கட்டும். நீ சொல்லு. நீ தெரிஞ்சாத்தான் சொல்லுவியாம்ல."

வருவாக ஆச்சி என்று சொல் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். கல்யாண வீடு. ஒரு வார்த்தை. வருவாக என்று சொல்லி யாரும் நரகத்துக்குப் போனதில்லை. என் மனைவி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை விட்டு இறங்கி, ஆச்சியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலை ஆச்சி" என்றாள். "அந்தப் படத்துல பேசுறவருக்கும் தெரியாது. வருவாகன்னு சொல்ல எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியலை."

ஆச்சி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் அவசர அவசரமாக ஒரு கரடிப் படத்தை மாட்டி ஓட்டினேன். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் மாலையும் படம் இருந்ததால் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துக் காரைக்குடிக்குத் திரும்பினோம். பஸ்ஸில் அவளை வறுத்து எடுத்துவிட்டேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பெத்த மனசு. ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்குத் தேஞ்சா போயிரும்? அவுகளை அழ வச்சிட்டு வந்திருக்கே!"

"வருவாகன்னு சொல்ல அந்த அம்மாவுக்கு ஊரெல்லாம் ஆளு இருக்குங்க" என்றாள். "அவுகளை விட்டுட்டு எங்கிட்ட ஏன் கேட்டாக?" ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வீடு வரைக்கும் அழுதாள். அவள் சொல்லை நம்பி ஒருத்தி கேட்டதற்கு, அவளால் தர முடிந்தது அந்த வெறுங்கைதான். அது அவளுக்கும் பொறுக்கவில்லை.

காலையில் கல்யாண வீட்டுக் கார் எங்கள் சந்துக்குள் வந்து நின்றது. "ரெண்டு பேரையும் ஆச்சி கையோட கூட்டிட்டு வரச் சொன்னாக" என்றார் டிரைவர். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இனிமேல் செட்டிநாட்டில் எந்த வீட்டு வாசலிலும் திரை கட்ட முடியாது என்று வழியெல்லாம் மனதுக்குள் புலம்பிக்கொண்டே போனேன். அவள் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நேற்றுப் போலவே தலைப்பில் அந்தத் தடுக்கு, இலையில்லாமல். நாங்கள் ஓரமாக நின்றோம். எங்களைப் போன்ற வேலைக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஆச்சி எங்களைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். என்னை அவர் கண்டுகொள்ளவே இல்லை. என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இத்தனை வருசமா எல்லாரும் வருவான் வருவான்னாக" என்றார். "ஜோசியரு சொன்னாரு, சாமியாடி சொன்னாரு, வந்தவுக போனவுக எல்லாம் சொன்னாக. எனக்குத் தெரியலைன்னு ஒருத்தரும் சொல்லலைத்தா. எனக்கும் தெரியாதுதான், அதைச் சொல்லத்தான் யாரும் விடலை. நேத்துத்தான் நான் தூங்குனேன்."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அந்தத் தடுக்கின் முன்னால் நிறுத்தினார். "உக்காரு."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பச்சி வாசல் பக்கமிருந்து எழுந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது அண்ணன் எடம் ஆச்சி."

"எடந்தானே" என்றார் ஆச்சி. "அவன் வந்தா இன்னொரு தடுக்கு போட்டுக்கிருவோம்." பரிமாறுகிறவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் நிக்கிறே? இலையைப் போடு."